எக்ஸலன்ஸியிலிருந்து 'ஏங்க' வரைக்கும்

மேஜையில வைக்கிற பேர் அட்டையில ஒரு வார்த்தை குறைஞ்சா ஒரு நாடே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும்; அப்படிப்பட்ட தொழில்ல நான் கொஞ்ச வருஷம் குப்பை கொட்டினேன்.

ஹூஸ்டன்ல ஒரு பெரிய ஹோட்டல். அதுல புரோட்டோகால் டெஸ்க்னு ஒரு மூலை. வெளிநாட்டுப் பெரிய மனுஷங்க விருந்துக்கு வந்தா யாரை எப்படிக் கூப்பிடணும், யார் முன்னால நடக்கணும், யார் பக்கத்துல யாரை உட்கார வைக்கணும்னு பார்க்கிறது என் வேலை. எங்ககிட்ட அதிகமா வந்து மாட்டினது இங்கிலாந்து ராணியோட ஆளுங்க. ராணி இருக்கிறது ஒரு ஊர்ல. ஆனா கனடா, கரீபியன் தீவுங்க, இன்னும் எங்கெங்கயோ அவங்க பேரால ஒருத்தரை நியமிச்சு உட்கார வச்சிருப்பாங்க. கவர்னர் ஜெனரல்னா 'யுவர் எக்ஸலன்ஸி'. கனடா மாகாணத்து லெஃப்டினண்ட் கவர்னர்னா 'யுவர் ஹானர்'. முதல் தடவை மட்டும் அப்படி, அப்புறம் சார், மேடம் போதும். இந்த மாதிரி இடத்துல மாத்திக் கூப்பிட்டுட்டு, பூமி பிளந்து உள்ள இழுத்துக்காதான்னு நின்னவங்க இதைப் படிச்சா, வாங்க, பக்கத்துல உட்காருங்க. நாம ஒரே கட்சி.

நான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வரல. ரெண்டாயிரத்து ரெண்டுல, ஹூஸ்டனுக்குப் பக்கத்துல கேட்டிங்கிற ஊர்ல வீடு வாங்கி, கிரீன் கார்டும் கைக்கு வந்து, அப்பாடான்னு நிமிர்ந்த நேரத்துல எங்க வீட்டுக்காரர் மேனேஜரா இருந்த பைப்லைன் கம்பெனி ஆளைக் குறைச்சுது. அதுல அவரும் போனார். ஊர்ல இங்கிலீஷ் எம்.ஏ. படிச்சுட்டு சும்மா இருந்த நான் கிளம்பினேன். என் பாஸ் டேல், ஆறடி உயர டெக்ஸாஸ்காரர், பொம்பளைங்க எல்லாரையும் 'மேம்'னு கூப்பிடற நல்ல மனுஷன். என்னை மட்டும் 'மிஸ் சபீனா'. அட்டை எழுதறது, வரிசை போடறது எல்லாம் நான். மைக்கைப் பிடிச்சு விருந்தாளிங்க பேரை அறிவிக்கிறது ரேடியோ குரல் உள்ள கிரெக். அந்த கிரெக் வருஷக் கடைசியில டல்லாஸுக்குப் போறதா இருந்தார். மைக் என் கைக்கு வந்தா வேலை நிரந்தரம், எங்க வீடும் தங்கும். இல்லேன்னா டெஸ்க்கை மூடிட்டு வெளி ஏஜென்சிக்குக் குடுத்துடுவாங்க. டேல் இதை என்கிட்ட ஒளிக்கல. தலையைச் சொறிஞ்சுக்கிட்டே சொன்னார்: "உன் இங்கிலீஷ் என்னோடதைவிட நல்லாருக்கு மிஸ் சபீனா, ஆனா எங்க ஊர்க் காது மெதுவாத்தான் ஓடும்."

எத்தனை ஓட்டு?

டெக்ஸாஸுக்கும் ஒரு லெஃப்டினண்ட் கவர்னர் உண்டு. அவர் தேர்தல்ல நின்னு, கத்தி, சண்டை போட்டு ஜெயிச்சு வர்ற ஆளு. கனடாவுல அதே பேர்ல இருக்கிறவர் ராணிக்குப் பதிலா உட்கார்ந்திருக்கிறவர்; அவருக்கு ஓட்டும் கிடையாது கூட்டமும் கிடையாது. நம்ம ஊர்க்காரங்க கலெக்டரையும் கவர்னரையும் குழப்பிக்க மாட்டாங்க, ஏன்னா ரெண்டு பேர்கிட்டயும் மனு குடுத்துப் பழக்கம். இங்க அப்படி இல்ல.

ஒரு எண்ணெய்க் கம்பெனி விருந்து. கனடா மாகாணம் ஒண்ணுலேர்ந்து லெஃப்டினண்ட் கவர்னர் வந்திருந்தார். கிரெக் டெக்ஸாஸ் பாணியில 'லூ-டெனன்ட்'னு இழுத்தார். அந்த ஊர்ல 'லெஃப்டினண்ட்'தான், எங்க காலேஜ் என்.சி.சி.யில சொல்ற மாதிரியே. மதியமே சொல்லிப் பார்த்தேன், ராகம் மாறாதுன்னுட்டார். போகட்டும். பக்கத்து நாற்காலியில கௌபாய் தொப்பியோட ஒரு எண்ணெய்க் கிணத்து முதலாளி. சூப் முடியறதுக்குள்ள, போன தேர்தல்ல எத்தனை ஓட்டு வித்தியாசம்னு கேட்டுட்டார். நான் சுவர் ஓரமா நின்னு பல்லைக் கடிச்சேன். கனடாக்காரர் பொறுமையா, ஓட்டு எல்லாம் இல்ல, ராணி பேரால நியமிச்சாங்கன்னார். ஓட்டும் கேட்க வேணாம், எவனோடயும் மல்லுக்கு நிக்க வேணாம்னா உங்களுக்கு எப்படித்தான் பொழுது போகுதுன்னு முதலாளி நிஜமாவே கவலைப்பட்டார். அதுக்கு ஹிஸ் ஹானர் சொன்ன பதில்: "ரிப்பன் வெட்டுவேன். கத்தரிக்கோல் அவங்களே குடுத்துடுவாங்க."

தொப்பிக்கு ஒரு நாற்காலி

இன்னொரு தடவை ஒரு தீவு. அதுக்கு சுதந்திரம் இல்ல, இங்கிலாந்து ராணியோட நேரடிச் சொத்து. அதோட கவர்னர் ராணி பிறந்தநாள் விருந்துக்கு வெள்ளை யூனிஃபார்ம்ல வந்தார். தலையில ஒரு தொப்பி, அதுல அன்ன இறகு கொத்துக் கொத்தா. கல்யாண மாப்பிள்ளை தோத்தார். தொப்பியைக் கோட்டு வைக்கிற இடத்துல வைக்க மாட்டேன்னு சொல்லிட்டார். போன தடவை யாரோ அது மேல ஈரக் குடையை வச்சுட்டாங்களாம்; இறகு காய ஒரு வாரம் ஆச்சாம். அவர் கண்ணுல நிஜமான வலி தெரிஞ்சுது. எனக்குப் புரிஞ்சுது. பட்டுப் புடவையைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் குடுத்த யாருக்கும் புரியும்.

சரின்னு அவர் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு, வெள்ளைத் துணி விரிச்சு, தொப்பியை உட்கார வச்சேன். பரிமாறுறவங்களுக்குத் தலைவி லூப்பே, மெக்ஸிகோக்காரி, என் சிநேகிதி. நாற்காலி இருக்கிற இடத்துல தட்டு போடணும்கிறது அவ சட்டம். தட்டு போட்டா, முள்கரண்டி போட்டா, தண்ணியும் ஊத்திட்டா. அப்புறம் என்கிட்ட வந்து காதுல கேட்டா: "சாருக்கு சிக்கன் எழுதியிருக்கே. தொப்பியும் பறவைதானே, அதுக்கு வெஜிடேரியன் போடட்டுமா?"

படிச்சு வாங்கினது

பக்கத்துல ஷுகர்லேண்டுங்கிற ஊர்ல பல் டாக்டர் ஒருத்தர், நம்ம திருச்சிக்காரர். ஏதோ ஒரு குட்டி ராஜ்ஜியத்து ராஜா அவரை ஹூஸ்டனுக்கு ஹானரரி கான்சல் ஆக்கிட்டார். சம்பளம் இல்லாத கௌரவம். அந்த நாட்டு ஆளுங்க பாஸ்போர்ட்டைத் தொலைச்சுட்டா இவர்தான் கையெழுத்துப் போடணும். அங்கிள் உடனே எனக்குப் போன் பண்ணினார். ராஜாவே நியமிச்சிருக்கார், அதனால அட்டையில 'ஹிஸ் எக்ஸலன்ஸி'ன்னு போட்டுடும்மான்னார். நான் தன்மையா, அங்கிள், எக்ஸலன்ஸி தூதருக்குத்தான், ஹானரரி கான்சலுக்குக் கிடையாதுன்னேன். சரி, காருக்குக் கொடியாவது உண்டா? அதுக்கும் விதி இருக்கு அங்கிள். சரி, ஹோட்டல்ல பார்க்கிங்காவது ஃப்ரீயா? அதுவும் இல்லேன்னதும் போனை வச்சுட்டார்.

எனக்கே பாவமா போச்சு. 'தி ஹானரபிள்'னு போடலாமான்னு டேல்கிட்ட கேட்டு, சில பேர் போடுவாங்க, தப்பில்லைன்னு தெரிஞ்சுக்கிட்டு, திரும்பப் போன் பண்ணினேன். அதுக்குள்ள அங்கிள் மனசு எங்கயோ போய் எங்கயோ வந்துடுச்சு. குரல் மாறியிருந்துச்சு. "வேணாம்மா, வெறுமே டாக்டர்னு போட்டுடு. அது எவனும் குடுத்ததில்ல, நான் படிச்சு வாங்கினது."

உட்கார மாட்டோம்

கனடாவுலேர்ந்து கேட்டிக்கு மாறி வந்த எண்ணெய் இன்ஜினீயருங்கள்ல நம்ம தமிழ் ஆளுங்க நிறைய. அப்புறம் ஒரு தடவை வேற ஒரு லெஃப்டினண்ட் கவர்னர் ஹூஸ்டன் வந்தப்ப, எங்களோட ஒரு வேளை சாப்பிடணும்னு கூப்பிட்டாங்க. மனுஷன் சம்மதிச்சுட்டார். எங்க ஹோட்டல் ஹால்தான், ஆனா ஏற்பாடு எல்லாம் அவங்களோடது. என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு, 'யுவர் ஹானர்'. அதை எல்லாரும் மனப்பாடம் பண்ணிட்டாங்க. பிரியாணி தேக்சாவோட வந்து இறங்கிடுச்சு. வீட்டுக்காரரையும் கூப்பிட்டேன். வரல. போனா இப்ப எங்க வேலைன்னு நாலு பேர் கேட்பாங்கன்னு, தலைவலின்னுட்டார். அப்பல்லாம் கூட்டம்னாலே அவருக்குத் தலைவலிதான்.

ஹிஸ் ஹானர் உள்ள வந்தார். எல்லாரும் எழுந்து நின்னாங்க. நம்ம மரியாதை என்ன? பெரியவர் உட்காராம நாம உட்காரக் கூடாது. அவர் மரியாதை என்ன? அவர் வந்ததும் அவருக்குன்னு உள்ள இசை வாசிக்கணும், அது முடிஞ்சாத்தான் உட்காருவார். இசைக்கு சிடி யாரும் கொண்டு வரல. அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. அவர் இசைக்காக நிக்கிறார், இவங்க அவருக்காக நிக்கிறாங்க. அவர் சிரிக்கிறார், இவங்க சிரிக்கிறாங்க. ஒருத்தர் கைதட்டினார், எல்லாரும் கைதட்டினாங்க, மறுபடி நின்னாங்க. பிரியாணி வாசனை மட்டும் ஹால்ல உலாத்துது. நான் கிச்சன்ல இருந்து மூச்சிரைக்க ஓடி வந்து, நடந்தது புரிஞ்சு, அவர்கிட்ட குனிஞ்சு, யுவர் ஹானர், இன்னைக்கு இசை கிடையாது, உங்களை மதிச்சு நிக்கிறாங்க, நீங்க உட்கார்ந்தாத்தான் இவங்க உட்காருவாங்கன்னேன். அந்த நல்ல மனுஷன் பொத்துன்னு உட்கார்ந்தார். ஹாலே உட்கார்ந்துச்சு. நான் உள்ள ஓடி வந்தப்ப கடைசி வரிசையில சர்க்கரை வியாதிக்கார அங்கிள் ஒருத்தர் தமிழ்ச் சங்கச் செயலாளர்கிட்ட சொன்னது இன்னும் என் காதுல இருக்கு: "உட்கார விடுங்க, இல்லாட்டி எனக்கு மட்டும் பார்சலாவது கட்டிக் குடுங்கப்பா."

ரகசியப் புருஷன்

இதுவரைக்கும் எங்க வீட்டுக்காரர் பேரை நான் சொல்லலைன்னு கவனிச்சீங்களா? சொல்ல மாட்டேன். கல்யாணம் ஆனதிலேர்ந்து சொன்னதில்ல. எங்க அதிராம்பட்டினத்துப் பக்கம் பொம்பளைங்க புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்க. இஸ்லாம் மார்க்கத்துல அப்படி ஒரு சட்டமும் இல்ல, ஊர் வழக்கம். சொன்னா அவர் ஆயுசு குறையும்னு உம்மா, அதான் எங்கம்மா, சொல்லி வச்சது. எம்.ஏ. படிச்ச எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. நாக்குக்கு இருக்கு. எழுதுன்னா எழுதிடுவேன். பிரசவத்துக்குப் போனப்ப நர்ஸ் கேட்டதுக்கு அவரோட டிரைவிங் லைசென்ஸைத்தான் நீட்டினேன். ஸ்கூல், பேங்க் எங்க போனாலும் 'மை ஹஸ்பண்ட்'. வீட்டுல 'ஏங்க'. கூட்டத்துல தொலைச்சுட்டாலும் 'ஏங்க'தான்; ஒரு தடவை மால்ல அப்படிக் கூப்பிட்டதுக்கு நாலு பேர் திரும்பிப் பார்த்தாங்க, நாலு பேரும் நம்ம ஊர்.

லூப்பேவுக்கு இது ஆறவே இல்ல. என் மேஜையில இருந்த கல்யாண போட்டோவைக் காட்டி, இவர் பேர் என்னன்னு கேட்பா. நான் ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டுவேன். படிக்க மாட்டேன், நீயே சொல்லுன்னு கண்ணை மூடிக்குவா. மூணு கண்டத்து கவர்னருங்க பேரை அவங்க பட்டத்தோட தண்ணி குடிக்காம ஒப்பிக்கிறவ இதுல திக்கித் திணறி நின்னா சிரிக்காம என்ன செய்வா? ஒரு நாள் தட்டுங்களை அடுக்கிக்கிட்டே சொன்னா: "ராணியோட ஆளுங்க அத்தனை பேரும் உன் வாயில இருக்காங்க, உன் ஆளுக்கு மட்டும் அங்க இடம் இல்லையா?"

கராஜ் வழியா வந்த கவர்னர்

வருஷக் கடைசின்னு சொன்ன கிரெக் முன்னாடியே கிளம்பிட்டார். அடுத்த விருந்து ஒரு கரீபியன் தீவுக்கு. புயல்ல அங்க பள்ளிக்கூடத்துக் கூரை எல்லாம் பறந்து போயிருந்துச்சு. நிதி திரட்ட மதிய விருந்து. வர்றது கவர்னர் ஜெனரலும் அவங்க கணவரும். ஆமா, கவர்னர் ஜெனரல் ஒரு லேடி. டேல் என்னைக் கூப்பிட்டு, மைக்கை நீ பிடி, நல்லா போச்சுன்னா வேலை உனக்கு, இல்லேன்னா திங்கட்கிழமை ஏஜென்சிக்குப் போன் பண்ணிடுவேன்னார்.

வீட்டுல சொன்னேன். மாசக்கணக்கா சோபாவுல சாஞ்சு கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தார். பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போன நேரம், நீலக் குளியல் துண்டைத் தோள்ல பட்டை மாதிரி குறுக்கே போட்டுக்கிட்டு கராஜ் கதவு வழியா உள்ள வந்தார். நான் சோத்துக் கரண்டியை மைக்காப் பிடிச்சுக்கிட்டு 'ஹெர் எக்ஸலன்ஸி தி கவர்னர் ஜெனரல்'னேன். வேகமா சொல்றே, போய்ட்டு மறுபடி வர்றேன்னு வெளிய போனார். மறுபடி வந்தார். கவர்னர் ஜெனரலா வந்தார், அவங்க கணவரா வந்தார், பிஷப்பா வந்தார், பேங்க் சேர்மனா வந்தார். நான் எங்க தடுமாறினாலும் அதட்ட மாட்டார். தாடையைத் தூக்கி, தோள்ல துண்டை ஒரு இழு இழுத்து விட்டுக்கிட்டு காத்திருப்பார். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துடும், சிரிச்சதும் வார்த்தை வந்துடும். சாயங்காலம் துண்டைக் கொடியில போட்டுட்டு சொன்னார்: "இன்னைக்குப் பூரா எக்ஸலன்ஸியா இருந்தேன். ஒருத்தரும் எங்க வேலை பார்க்கிறீங்கன்னு கேட்கல."

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன். அழுததை அவர் பார்த்திருக்க மாட்டார்னு நினைக்கிறேன்.

'அண்ட் ஸ்பவுஸ்'

விருந்தன்னைக்குக் காலையில ஹாலைப் பார்க்க ரெண்டு பேரும் வந்தாங்க. கவர்னர் ஜெனரல் அம்மா முன்னாள் தலைமை ஆசிரியை. நின்ன நிலையிலேயே நாற்காலி வரிசை கோணலா இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. அவங்க கணவர் நெடுநெடுன்னு ஒரு கறுத்த மனுஷர். துறைமுகத்துல வர்ற பெரிய கப்பலுங்களைக் கரைக்கு ஓட்டிக் கொண்டு வந்து கட்டற வேலை பார்த்தவராம். நான் எழுதி வச்ச நிகழ்ச்சி நிரலைக் கண்ணாடி போட்டுப் படிச்சார். 'ஹெர் எக்ஸலன்ஸி தி கவர்னர் ஜெனரல் அண்ட் ஸ்பவுஸ்'. அவங்க ஆபீஸ் அனுப்பினது அப்படித்தான் இருந்துச்சு.

நம்ம ஊர்ல டாக்டர் பொண்டாட்டி டாக்டரம்மா, கலெக்டர் பொண்டாட்டி கலெக்டரம்மா. அந்தப் பக்கமா மட்டும்தான் அந்த வண்டி ஓடும். இவங்க விதியில பொண்டாட்டி எக்ஸலன்ஸின்னா புருஷனும் எக்ஸலன்ஸி. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அதைச் சொல்லி, உங்களையும் எக்ஸலன்ஸின்னு அறிவிக்கிறேன் சார்னேன். அவர் கண்ணாடியைக் கழட்டினார். "பட்டம் அவளோடது, எனக்கு ஓசி. கப்பல்காரனுங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவானுங்க. முடிஞ்சா என் பேரையும் ஒரு தடவை சொல்லிடு மகளே."

மைக்

பன்னிரண்டு மணிக்கு மைக் என் கையில. 'ஹெர் எக்ஸலன்ஸி' தெளிவா வந்துச்சு. 'ஹிஸ் எக்ஸலன்ஸி மிஸ்டர் கிளெமெண்ட் ஓட்லி'ன்னு அவர் பேரையும் முழுசாச் சொன்னேன்; கிழவர் என்னைப் பார்த்து லேசாத் தலையசைச்சார். ரெண்டு பேரும் ஹால் வாசல்ல நின்னாங்க. வர்றவங்க வரிசையா வரணும், நான் மைக்கில பேர் சொல்லணும், அவங்க போய்க் கை குடுக்கணும். வரிசை ஆரம்பிக்கிற நேரத்துல டேல் ஓடி வந்தார். முதல் மேஜையில மிஸ்டர் ஓட்லிக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் விமானத்தைத் தவற விட்டுட்டார். போட்டோவுல காலி நாற்காலி விழக் கூடாது, சூட் போட்ட ஆள் யாராவது உடனே வேணும். எங்க வீட்டுக்காரர் காலையில டவுன்டவுன்ல ஒரு இன்டர்வியூ முடிச்சுட்டு, என்னைக் கூட்டிட்டுப் போகக் கீழ பார்க்கிங் கராஜ்ல காருக்குள்ள உட்கார்ந்திருந்தார். லாபிக்கு வர மாட்டார், யாராவது தெரிஞ்சவங்க கேட்டுடுவாங்க. செல்லுல கூப்பிட்டேன். ஏங்க, டை கட்டிக்கிட்டு மேல வாங்கன்னேன். விஷயத்தைக் கேட்டுட்டு அவர் கேட்டது ஒண்ணுதான். நான் யாருன்னு சொல்லுவே? அதை நான் பார்த்துக்கிறேன்னு வச்சுட்டேன். அட்டையில எழுதினேன். கை எழுதிடுச்சு. அப்புறம்தான் உறைச்சுது: இதை நான் வாயால சொல்லணும்.

வரிசை நகர்ந்துச்சு. ஒரு பேங்க் சேர்மன். ஒரு பிஷப். ஒரு ஷிப்பிங் கம்பெனி பிரசிடெண்ட். ஒவ்வொரு பேருக்கும் முன்னால ஒரு கனம். அடுத்து அவர். இன்டர்வியூ சூட்ல, சலூன் போன தலையோட, ரெண்டு கையையும் எங்க வச்சுக்கிறதுன்னு தெரியாம. அவர் பேருக்கு முன்னால 'மிஸ்டர்' தவிர ஒண்ணுமே இல்ல. நான் மைக்கை வாய்கிட்ட கொண்டு போனேன். நாக்கு எழும்பல. உம்மா ஞாபகம் வந்துச்சு, ஆயுசு ஞாபகம் வந்துச்சு. சுவர் ஓரமா டேல் கையைக் கட்டிக்கிட்டு என்னையே பார்க்கிறார். லூப்பே தட்டோட நின்னுட்டா. திங்கட்கிழமை டேல் போன் பண்ணப்போற ஏஜென்சி, வீடு, பிள்ளைங்க ஸ்கூல், எல்லாம் அந்த ஒரு பேர்ல தொங்குது. அவர் என்னைப் பார்த்தார். பார்த்து, தாடையை மெதுவாத் தூக்கி, தோள்ல இல்லாத நீலத் துண்டை ஒரு இழு இழுத்து விட்டுக்கிட்டு காத்திருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சதும் பேரும் வந்துடுச்சு. 'மிஸ்டர் நூருல் அமீன்'. மெதுவா, தெளிவா, டெக்ஸாஸ் காதுக்கும் கேட்கிற மாதிரி. ஸ்பீக்கர்ல அது ஹால் பூரா போய்த் திரும்பி என் காதுக்கே வந்துச்சு. மிஸ்டர் ஓட்லி ரெண்டு கையாலயும் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, வாங்க மிஸ்டர் அமீன், நீங்கதான் என் பக்கத்து நாற்காலின்னார். அப்புறம் சாப்பாடு முழுக்க ரெண்டு பேரும் கப்பல்லேர்ந்து எண்ணெய் எப்படி இறங்குது, வால்வு எங்க அடைக்கும்னு துணி நாப்கின்ல படம் போட்டுக்கிட்டே இருந்தாங்க. ஒருத்தரை ஒருத்தர் எங்க வேலைன்னு கேட்டுக்கவே இல்ல. லூப்பே என் பக்கத்துல வந்து, உன் ஆளுக்கு நல்ல பேருடின்னு கிள்ளிட்டுப் போனா. எல்லாரும் கிளம்பினதும் மைக்கைத் திருப்பிக் குடுக்க டேல்கிட்ட போனேன். அவர் கையை நீட்டல. "உன்கிட்டயே இருக்கட்டும் மிஸ் சபீனா. கிரெக் கூட எந்தப் பேரையும் இப்படிச் சொன்னதில்ல."

ஐ-டென்ல

திரும்பும்போது ஐ-டென்னுங்கிற கேட்டி ஃப்ரீவேயில டிராஃபிக் வழக்கம்போல நகரல. பெல்ட்வே, அதான் எங்க ஊர் ரிங் ரோடு, வர்ற வரைக்கும் அவர் ரேடியோவையே திருகிக்கிட்டு வந்தார். எனக்கு பயம் வந்துடுச்சு, சபையில பேர் சொன்னது தப்பாப் போச்சோன்னு. கார் சுத்தமா நின்ன இடத்துல, குடிக்க வச்சிருந்த தண்ணி பாட்டிலை எடுத்து மைக் மாதிரி என் வாய்கிட்ட நீட்டினார். இன்னொரு தடவை சொல்லேன்னார். அது விருந்து, அங்க சொன்னேன், இங்க வராதுங்கன்னேன். பாட்டிலை எடுக்கல. பின்னால இருந்தவன் ஹாரன் அடிச்சான், அப்பவும் எடுக்கல. சொன்னேன். பாட்டில் வழியா, வெட்கத்தோட, முழுப் பேரையும் சொன்னேன். அவர் வண்டியை எடுத்துக்கிட்டே, ரோட்டைப் பார்த்துச் சொன்னார்: "முன்னால ஒண்ணும் இல்லாட்டியும் என் பேர் நல்லாத்தான் இருக்கு, இல்ல?"

அந்த இன்டர்வியூ வேலை கிடைக்கல. ஆனா அடுத்த வாரம் பள்ளிவாசல் கூட்டத்துக்கு எனக்கு முன்னாடி அவர் கிளம்பி நின்னார். யாரோ எங்க வேலைன்னு கேட்டதுக்கு, தேடிக்கிட்டு இருக்கேன், உங்க பக்கம் ஏதாவது இருக்கான்னு கேட்டிருக்கார். அப்படிக் கேட்ட இடத்துலதான் ரெண்டு மாசத்துல வேலையும் கிடைச்சுது. உம்மா சொன்ன ஆயுசும், அல்லாஹ் காப்பாத்தணும், நல்லாவே ஓடிக்கிட்டிருக்கு.

ராணியோட ஆள் யார் வந்தாலும் எப்படிக் கூப்பிடணும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூடச் சொல்லுவேன். சோறு ஆறுதுன்னு எங்க வீட்டு எக்ஸலன்ஸியைக் கூப்பிடறதுக்கு மட்டும் இன்னைக்கும் 'ஏங்க'வை விட்டா எனக்கு வேற வழியில்ல.